‘எப்படி அடிபட்டுச்சு?’

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ‘ஏ.ஆர்.’ என்று ஒரு தடித்த பதிவேடு இருக்கும். அடிபட்டு வருகிறவரின் பெயர், வயது, வந்த நேரம், கூட்டி வந்தவர் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வரும் பணி மருத்துவர், ஓரிடத்தில் பேனாவை நிறுத்திக் கேட்பார்: “எப்படி அடிபட்டுச்சு?” பதில் ஒரே வரியில் பதிவாகும். பைக்கில் வரும்போது நாய் குறுக்கே ஓடியதால் விழுந்ததாக. தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாக. வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக. வந்தவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதோடு மருத்துவரின் வேலை முடிந்தது. அது உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது அவர் பொறுப்பில்லை.

கை, கால் முறிவோடு வருகிறவர்களுக்கும் இதே கேள்விதான். ஆனால் முகம் உடைந்து வருகிறவர் விஷயத்தில், அந்த ஒரு வரி அவர் வாழும் ஊரைப் பற்றியும் நிறையச் சொல்லிவிடுகிறது. அங்கே மக்கள் எதில் பயணம் செய்கிறார்கள், எங்கே குடிக்கிறார்கள், வீட்டுக்குள் என்ன நடக்கிறது, எத்தனை முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும்.

1997 செப்டம்பரில் பிரிட்டனில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஒரே ஒரு வாரம். நாடு முழுக்க 160க்கும் மேற்பட்ட அவசரப் பிரிவுகளில், முகக் காயத்தோடு வந்த ஒவ்வொருவரையும் பதிவு செய்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் 40 சதவீதம் பேர் தவறி விழுந்தவர்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் யாரிடமோ அடிவாங்கியவர். சாலை விபத்தில் அடிபட்டவர்கள் வெறும் 5 சதவீதம்.

நம் ஊர் முகத்தாடை அறுவை மருத்துவர்களிடம் இந்தக் கடைசி எண்ணைச் சொன்னால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பேசுவார்கள். இங்கே சாலைதான் முதலிடத்தில், அதுவும் எட்ட முடியாத முதலிடத்தில் இருக்கிறது. பிரிட்டன் கணக்கில் சின்னச் சிராய்ப்பும் சேர்த்தி என்பது உண்மைதான். எலும்பு முறிவை மட்டும் தனியே எடுத்தால் அங்கே கைகலப்பின் பங்கு இன்னும் மேலே ஏறும். அப்போதும் சாலை முதலிடத்துக்கு வராது. இந்தியா, நைஜீரியா, வியட்நாம் போன்ற நாடுகளில் முகத்தை உடைப்பது தார்ச்சாலை. பிரிட்டன், பின்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சனிக்கிழமை இரவின் முஷ்டி.

மேலை நாட்டுக்காரர்கள் நம்மைவிடச் சண்டைக்காரர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் சாலையில் உடைந்துகொண்டிருந்த முகங்களைச் சட்டம் போட்டும் வண்டியை மாற்றியும் ஓரளவு காப்பாற்றிவிட்டார்கள். மீதி இருப்பது கைகலப்பு.

அந்தக் கதை டெட்ராய்ட்டில் தொடங்குகிறது. 1930களில் அங்கே கிளேர் ஸ்ட்ரெயித் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். கார் ஊரில் சர்ஜன் என்றால் கேட்க வேண்டுமா? ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், டாஷ்போர்டில் துருத்திக்கொண்டிருந்த இரும்புக் குமிழ்களில் முகம் மோதி அவரிடம் வந்தபடி இருந்தார்கள். தைத்துத் தைத்துச் சலித்துப்போன மனிதர், கார் கம்பெனிகளிடமே போய்ப் பேசினார். குமிழ்களை உள்ளே தள்ளுங்கள், டாஷ்போர்டுக்கு மெத்தை வையுங்கள் என்றார். கொஞ்சம் கேட்டார்கள், நிறையக் கேட்கவில்லை. சிதறினாலும் சதையைக் கிழிக்காத முன்கண்ணாடி, சீட் பெல்ட், ஏர்பேக் எல்லாம் பிறகு பல பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாக வந்தன. பிரிட்டனில் 1983 ஜனவரி 31 முதல் முன் இருக்கைக்காரர்கள் பெல்ட் போடுவது கட்டாயமானது. முன்கண்ணாடியில் முகம் கிழிந்து வருகிறவர்களின் கூட்டம் அதன்பின் குறைந்தது. ஒரு தலைமுறை அறுவை மருத்துவர்கள் தினமும் பார்த்த காயத்தை அடுத்த தலைமுறை எப்போதாவதுதான் பார்த்தது.

எலும்பு சொல்லும் சாட்சி

முக எலும்புகள் எல்லாம் ஒரே பலம் கொண்டவை அல்ல. மூக்கெலும்பு புவியீர்ப்பைப்போல் சுமார் 30 மடங்கு விசையிலேயே நொறுங்கிவிடும். புருவத்துக்கு அடியில் இருக்கும் கண்குழியின் மேல்விளிம்பு உடைய சுமார் 200 மடங்கு வேண்டும். கன்னத்து எலும்பு அதில் கால்வாசியோடு விட்டுக்கொடுத்துவிடும். கண்குழியின் அடித்தளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாதது. கண்ணில் பந்து பட்டால் அந்தத் தளம் கீழ்நோக்கி உடைந்து, கண்ணை அசைக்கும் தசை அதில் சிக்கிக்கொள்ளும். அடிபட்டவருக்கு ஒன்று இரண்டாகத் தெரியும்.

1901இல் பிரான்ஸின் லீல் நகரில் ரெனே லெ ஃபோர் என்ற அறுவை மருத்துவர் 35 சடலத் தலைகளைத் தடியால் அடித்தும் மேசை விளிம்பில் மோதியும் பார்த்தார். பிறகு தோலையும் சதையையும் நீக்கி, எலும்பு எங்கே விரிசல் விடுகிறது என்று ஆராய்ந்தார். கேட்கவே கொடூரமாக இருந்தாலும் அதில் கிடைத்தது பெரிய உண்மை. அடி எப்படி விழுந்தாலும் நடுமுகம் சில குறிப்பிட்ட கோடுகளில்தான் பிளக்கிறது. லெ ஃபோர் ஒன்று, இரண்டு, மூன்று என்று இன்றும் உலகம் முழுக்க ஸ்கேன் அறிக்கைகளில் அவர் பெயர் வருகிறது. மூன்றாவது வகையில் முழு முகமும் மண்டையோட்டிலிருந்து தனியே கழன்று ஆடும்.

லெ ஃபோர் முறிவுக்கு வேகம் வேண்டும். வெறும் முஷ்டியால் அது நேர்வது அபூர்வம். ஆகவே அனுபவமுள்ள மருத்துவருக்கு எக்ஸ்ரே படமே பாதி வாக்குமூலம். கீழ்த்தாடையின் இடதுபக்க மூலை உடைந்திருந்தால், எதிரே நின்றவர் வலதுகைக்காரர் என்று ஊகிக்கலாம். உலகில் பெரும்பாலானோர் வலதுகைக்காரர்கள் என்பதால் அடிதடியில் உடையும் முகங்கள் பெரும்பாலும் இடப்பக்கமாகவே உடைகின்றன. பைக்கிலிருந்து குப்புற விழுந்தவருக்கு முன்தாடை, கோரைப்பல்லை ஒட்டிய இடத்தில் முறியும். கூடவே, காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டும் முறிந்திருக்கும்.

இன்னொரு முறிவுக்கு ‘அணிவகுப்பு மைதான முறிவு’ என்று பெயர். வெயிலில் நெடுநேரம் அசையாமல் நிற்கும் சிப்பாய், ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி, கையை ஊன்றாமல் மரம் சாய்வதாகச் சாய்கிறான். முகவாய் தரையில் அடிக்கிறது. விசை மேலேறி இரண்டு காதுப்பக்க மூட்டுகளையும் உடைக்கிறது. முகவாயில் ஒரு சின்ன வெட்டுதான் வெளியே தெரியும். அதைத் தைத்து அனுப்பிவிட்டால் உள்ளே உடைந்திருக்கும் இரண்டு மூட்டுகளும் கவனிக்கப்படாமல் போகும்.

குழந்தைகளிடம் இது இன்னும் ஆபத்து. குழந்தையின் எலும்பு வளைந்து கொடுக்கும். முகமும் மண்டையோட்டோடு ஒப்பிட்டால் சிறியது. அதனால் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு முக முறிவு குறைவு. ஆனால் மாடிப்படியிலிருந்து விழுந்து முகவாய் கிழிந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூட்டு உடைந்ததை யாரும் பார்க்காமல் விட்டால், சில வருடங்களில் மூட்டு ஒட்டிக்கொண்டு வாயே திறக்காமல் போகலாம். தாடை வளர்ச்சி நின்று முகவாய் உள்வாங்கிவிடும். தையல் போட்ட இடத்தைப் பார்க்கும்போது, “வாயைத் திற கண்ணு” என்று ஒருதடவை சொல்லிப் பார்க்கும் மருத்துவர் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றிவிடுகிறார்.

சரி, முகம் உடைந்தால் யாரிடம் போவது? பல் மருத்துவரிடம் என்றால் பலர் நம்புவதில்லை. பல் மருத்துவப் படிப்பை முடித்து, மேலே மூன்றாண்டு படித்த முகத்தாடை அறுவை நிபுணர்கள்தான் இந்தியாவில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்கிறார்கள். காரணம் எளிது. உடைந்த தாடை சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்பதற்குப் பற்களின் கடிதான் அளவுகோல். ஒருகாலத்தில் மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் இறுகக் கட்டி, நான்கு முதல் ஆறு வாரம் உறிஞ்சு குழலில் கஞ்சி குடிக்க வைப்பார்கள். 1970களில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரின் மாக்சிம் ஷாம்பியும் அவர் குழுவினரும் சின்ன உலோகத் தகடுகளை எந்தெந்தக் கோட்டில் பொருத்தினால் தாடை தாங்கும் என்று வகுத்துக் கொடுத்தார்கள். இன்று டைட்டானியம் தகடு வைத்துச் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

தலைக்கு மட்டும் கவசம்

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. இவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் என்று அந்த அறிக்கை குறிப்பிடுவது 50,029 பேரை. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

முகத்தில் அடிபட்டு உயிரோடு தப்பியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் எத்தனை மடங்கு இருப்பார்கள் என்பதை எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

ஹெல்மெட் பற்றி ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் அணிந்தால் மரண வாய்ப்பு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைகின்றன என்று சொன்னது. இது மறுக்க முடியாத நன்மை. ஆனால் முகத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது, எந்த வகை ஹெல்மெட் மேல் என்று தீர்ப்புச் சொல்ல அதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. பல நாடுகளில் அதிகம் விற்பதும் அணிவதும் காதுக்கு மேலே நின்றுவிடும் அரை ஹெல்மெட் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வியட்நாமைப் பாருங்கள். 2007 டிசம்பர் 15 அன்று அந்த நாடு எல்லா மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பாதிக்கும் குறைவாக இருந்த பழக்கம் ஒரே நாளில் 90 சதவீதத்தைத் தாண்டியது. சாலைப் பாதுகாப்பு வரலாற்றில் இவ்வளவு வேகமான மாற்றம் அபூர்வம். ஆனால் ஹனோய் வீதிகளில் தலைகளில் ஏறியது பெரும்பாலும் தொப்பி அளவு ஹெல்மெட். மூளை தப்பியது, தாடை வெளியே இருந்தது.

ஜெர்மனியின் ஹனோவரில் நிஜ விபத்துகளில் சிக்கிய ஹெல்மெட்டுகளை ஆராய்ந்த டீட்மார் ஓட்டே, அடி விழுந்த இடங்களை வரைபடமாக்கினார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முகவாய்ப் பகுதியில் விழுந்திருந்தது. அரை ஹெல்மெட்டில் அந்தப் பகுதியே கிடையாது.

இந்த முரண் புதிதல்ல. முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டையில், எட்டிப் பார்க்கும் சிப்பாயின் தலையும் முகமும்தான் குண்டுக்கு இலக்கு. 1915இல் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகளுக்கு எஃகுத் தலைக்கவசம் வந்தது. அதுவரை செத்துப்போயிருக்க வேண்டியவர்கள் பிழைத்தார்கள், பாதி முகம் இல்லாமல். அவர்களுக்காகவே 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். நியூசிலாந்தில் பிறந்த ஹரால்ட் கில்லீஸ் அங்கே 5,000க்கும் மேற்பட்ட வீரர்களின் முகங்களைச் சீரமைக்கும் பணியை நடத்தினார். ஊரில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்களாம். அவற்றில் உட்கார்ந்திருப்பவர் அந்த மருத்துவமனையின் நோயாளியாக இருக்கலாம், திடுக்கிட வேண்டாம் என்று ஊராருக்குக் குறிப்பு. நவீன பிளாஸ்டிக் சர்ஜரி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த வார்டுகளில் பிறந்தது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி அரசு அமல்படுத்தியது. 2019இன் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அபராதத்தை 1,000 ரூபாய் ஆக்கியது. 2021 ஜூனிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். எல்லாம் சரி. ஆனால் முகவாயை மூடாத ஹெல்மெட்டுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டு. அதை அணிந்து போகிறவரைப் போலீஸார் நிறுத்த முடியாது. முகவாய்ப் பட்டையை மாட்டாமல் வெறுமனே கவிழ்த்துக்கொண்டு போகிறவரையும் யாரும் நிறுத்துவதில்லை. கீழே விழும் கணத்தில் அந்த ஹெல்மெட் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

பெண்கள் விஷயம் தனி. சேலை கட்டி, ஒருபக்கமாகக் கால்போட்டு, ஒரு கையில் குழந்தையோ பையோ வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்கிறார்கள். வெள்ளைக் கோடுகூட அடிக்காத வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டால் முதலில் விழுவது அவர்கள். முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்குவதும் அவர்களுக்குத்தான். ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட், பின்னால் இருப்பவர் தலையில் மல்லிகைப்பூ. நம் ஊர்ச் சாலைகளில் இதைப் பார்க்காத நாள் உண்டா?

சனிக்கிழமை இரவுகள்

முஷ்டிக்கு வருவோம். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஜோனதன் ஷெப்பர்ட் என்று ஒரு முகத்தாடை அறுவை நிபுணர். உடைந்த தாடைகளுக்குத் தகடு வைத்துக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில், இவர்களை அடித்தவர்களைப் போலீஸ் என்ன செய்கிறது என்று தேடிப் பார்த்தார். பெரும்பாலான சம்பவங்கள் போலீஸுக்கே தெரியவில்லை. அடிவாங்கியவர் பயத்தாலோ, பழிவாங்கலுக்கு அஞ்சியோ, தானும் போதையில் இருந்ததாலோ புகார் கொடுப்பதில்லை. ஆனால் மருத்துவமனைக்கு மட்டும் வந்துவிடுகிறார்.

அப்படியானால் ஊரில் எங்கே ரத்தம் சிந்துகிறது என்பது காவல் நிலையத்தைவிட மருத்துவமனைக்குத்தான் நன்றாகத் தெரியும். ஷெப்பர்ட் கண்டுபிடித்த சூத்திரம் இவ்வளவுதான். அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையில் இருப்பவர் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்டார். எந்த இடத்தில்? எந்தக் கடைக்குள், எந்தத் தெருவில்? எத்தனை மணிக்கு? கையாலா, பாட்டிலாலா? பெயரை நீக்கிவிட்டு இந்தத் தகவலை மாதாமாதம் நகராட்சிக்கும் போலீஸுக்கும் கொடுத்தார்கள். எந்த பார் வாசலில் அடிதடி அதிகமோ அங்கே ரோந்து மாறியது. உரிமம் புதுப்பிக்கும்போது கேள்வி எழுந்தது. 2011இல் வெளியான மதிப்பீட்டின்படி, இதேபோன்ற மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால் கார்டிஃபில் வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்வது 42 சதவீதம் குறைந்திருந்தது. குற்றவியலின் உயரிய விருதான ஸ்டாக்ஹோம் பரிசு 2008இல் இந்தப் பல் மருத்துவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அவர் தொட்டதெல்லாம் பொன்னாகிவிடவில்லை. பார் சண்டையில் உடைந்த கண்ணாடித் தம்ளர்தான் முகத்தைக் கிழிக்கிறது என்று, எளிதில் உடையாத கடினக் கண்ணாடித் தம்ளர்களைச் சில பார்களில் கொடுத்து முறையாகச் சோதித்தார்கள். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, பார் ஊழியர்களின் காயம் கூடியது. அந்தத் தம்ளர்கள் சரியாகப் பதப்படுத்தப்படவில்லை, சாதாரணத் தம்ளரைவிட எளிதாக உடைந்தன. கடினக் கண்ணாடி என்று பேர் இருந்தால் போதாது, அதற்கு ஒரு தரக் கட்டுப்பாடு வேண்டும் என்று அந்தக் குழுவே எழுதியது. நல்ல எண்ணத்தோடு செய்ததையும் எண்ணிப் பார்த்து, பலிக்காததைப் பலிக்கவில்லை என்று வெளியிட்ட இந்த ஆய்வு எனக்கு அந்த 42 சதவீதத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

டாஸ்மாக் பார்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் தம்ளர்தான். சண்டை என்று வந்தால் ஆயுதமாவது பாட்டில். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது, காட்டில் யானைகளின் காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்று. மனித முகங்களை நினைத்து யாரும் அதைக் கொண்டுவரவில்லை. ஆனால் கடை வாசலில் உடைந்த பாட்டில் கிடைக்காத இடத்தில் கிழிந்த முகங்கள் குறைகின்றனவா என்று எந்த மருத்துவக் கல்லூரியாவது எண்ணிப் பார்க்கலாமே. அந்தந்த ஊர் ஏ.ஆர். பதிவேட்டைப் புரட்டினாலே போதும்.

சாலை விபத்துக்கு நம்மிடம் வழி வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஐராட்’ தரவுத்தளத்தில் போலீஸார் விபத்து இடத்தைக் கைப்பேசியிலேயே பதிகிறார்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசில்லை. முஷ்டியால் உடைந்த முகங்களின் கதையோ, வழக்கு நடந்தால் நீதிமன்றத்துக்குப் போகும், நடக்காவிட்டால் பதிவேட்டிலேயே தூங்கும்.

குளியலறையில் விழுந்தவர்கள்

பதிவேட்டில் பெண்களின் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருவது குளியலறைதான். “பாத்ரூம்ல வழுக்கிட்டேன் டாக்டர்” என்று சொல்லும்போது கணவரோ மாமியாரோ பக்கத்தில் நிற்பார்கள். ஈரத் தரையில் வழுக்குகிறவர் கையை ஊன்றுவார், மணிக்கட்டு போகும், முழங்கை சிராயும். கையில் கீறலே இல்லாமல் இடது கன்னம் மட்டும் வீங்கி, கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டி, பழைய காயம் ஒன்று மஞ்சளாகி இருந்தால் மருத்துவருக்குப் புரிந்துவிடும். வீட்டு வன்முறையில் அடிபடும் பெண்களுக்குக் காயம் அதிகம் படுவது தலை, முகம், கழுத்தில்தான் என்று நாடு வித்தியாசமில்லாமல் ஆய்வுகள் சொல்கின்றன.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொல்கிறது. இந்திய சராசரி 29.3. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னணியில் இருக்கிறோம் என்று மார்தட்டும் மாநிலத்துக்கு இந்த எண்ணைப் பற்றிப் பேச மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

சட்டம் முகத்தைத் தனியாகவே மதிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவும் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவும், தலையோ முகமோ நிரந்தரமாக உருக்குலைவதையும் எலும்போ பல்லோ முறிவதையும் கொடுங்காயம் என்கின்றன. ஒரே ஒரு பல் உடைந்தாலும் வழக்கின் தன்மை மாறிவிடும். ஆனால் பல மாதம் கழித்துத் துணிந்து புகார் கொடுக்கும் பெண்ணின் கையில் இருப்பது, ‘வழுக்கி விழுந்ததாக’ என்று அவர் வாயாலேயே சொல்லி எழுதப்பட்ட ஏ.ஆர். நகல். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது அதைத்தான். கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்கும் ஒரு பழக்கம் இருந்தால் அந்த வரி வேறாக இருந்திருக்கும். அதற்குச் செலவு ஒன்றும் கிடையாது, ஒரு திரைச்சீலை போதும்.

முகம் என்று தெரிந்தே குறிவைக்கும் குற்றங்களும் உண்டு. மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரைத் திப்புவின் வீரர்கள் பிடித்து மூக்கையும் ஒரு கையையும் வெட்டினார்கள். புனே அருகே உள்ளூர்க்காரர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு அமைத்தார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இந்தச் செய்தி படத்தோடு வர, ஐரோப்பிய மருத்துவர்கள் அசந்துபோனார்கள். மூக்கை அறுப்பது கொல்வதற்காக அல்ல, மானத்தை வாங்குவதற்காக. ஆசிட் வீச்சின் நோக்கமும் அதுவே. வங்கதேசத்தில் காதலை மறுத்த இளம்பெண்களும் நிலத்தகராறுக் குடும்பங்களும் இலக்கானார்கள். லண்டனில் 2017 வாக்கில் ஆசிட் வீச்சுகள் பெருகியபோது பாதிக்கப்பட்டவர்களில் அதிகம் ஆண்கள், பலவும் கும்பல் தகராறு, வழிப்பறி. பொருள் ஒன்று, ஊருக்கு ஊர் வன்மம் வேறு. 2002இல் வங்கதேசம் ஆசிட் விற்பனைக்கும் வீச்சுக்கும் தனித்தனிச் சட்டம் போட்டது. ஆண்டுக்கு நானூறைத் தாண்டியிருந்த சம்பவங்கள் பத்தாண்டுகளில் நூறுக்குக் கீழே வந்தன. இந்தியாவில் 2013இல் உச்ச நீதிமன்றம் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 200 வழக்குகள் இன்னும் பதிவாகின்றன.

கரடி, பந்து, படிக்கட்டு

சில காயங்கள் இடத்துக்கே உரியவை. மத்திய இந்தியக் காடுகளில் இலுப்பைப் பூப் பொறுக்கப் போகிறவர்கள் திடீரென்று கரடி முன்னால் போய் நின்றுவிடுகிறார்கள். நம் காட்டுக் கரடி பயந்தால் பின்வாங்காது, எழுந்து நின்று முகத்தில் அறையும். மூக்கும் கண்ணும் ஒரே அடியில் போன பிறகும் பலர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் இதன் துயரம். காஷ்மீரில் கறுப்புக் கரடி இதே வேலையைச் செய்கிறது. ஜப்பானில் 2023ஆம் நிதியாண்டில் கரடித் தாக்குதலில் 200க்கும் மேற்பட்டோர் சிக்கினார்கள். அகிதா மாநில மருத்துவர்கள் பார்த்த கரடிக் காயங்களில் பெரும்பாலானவை முகத்தில்தான்.

விளையாட்டில் கதை வேறு. 1959 நவம்பரில் நியூயார்க் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் முகம் கிழிந்த கோல் காப்பாளர் ஜாக் பிளான்ட், தைத்துக்கொண்டு முகமூடியோடுதான் திரும்பி வருவேன் என்று அடம்பிடித்தார். கோழை என்று பேசியவர்கள் உண்டு. இன்று முகமூடி இல்லாத கோல் காப்பாளரைப் பார்க்க முடியாது. அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்தில் 2010இல்தான் எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. கிரிக்கெட்டில் 2002 ஆன்டிகுவா டெஸ்ட்டில் தாடை உடைந்த அனில் கும்ப்ளே, கட்டுப்போட்டுக்கொண்டு வந்து லாராவை வீழ்த்தியதை நாம் வீரம் என்று கொண்டாடுகிறோம். முகத்தாடை நிபுணர்கள் அந்தப் படத்தைப் பார்க்கும்போது வேறு மாதிரி முகம் சுளிப்பார்கள்.

கணக்கு வேகமாக மாறப்போவது முதியவர்களிடம். 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். நாட்டிலேயே கேரளத்துக்கு அடுத்த இடம். மக்கள் மூப்படைந்த நாடுகளில் முகக் காயத்தின் முதல் காரணமாகத் தவறி விழுவது எழுந்துகொண்டே வருகிறது. அங்கே காயமடைபவர் இருபது வயது இளைஞனாக இருந்த நிலை மாறி, எண்பது வயது மூதாட்டியாகிக்கொண்டிருக்கிறார். இந்த மூதாட்டி உண்மையிலேயே குளியலறையில் விழுந்தவர். பல் இல்லாத தாடை பென்சில் அளவுக்கு மெலிந்திருக்கும். தகடு பிடிக்க எலும்பு போதாது, கடியைச் சரிபார்க்கப் பல்லும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முகம் முழுக்க நீலம் பரவும், மூளைக்குள் கசிவு உண்டா என்று ஸ்கேன் எடுத்தாக வேண்டும். புது வீடு கட்டும்போது பளபளவென்று டைல்ஸ் பதிக்கும் நாம், சுவரில் ஒரு பிடிகம்பி வைக்க மறந்துவிடுகிறோம். ராத்திரி எழுந்தால் தலைசுற்றுகிறது என்று பாட்டி சொன்னால், அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் அளவை ஒருதடவை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது. படுக்கையிலிருந்து எழுந்ததும் நடக்காமல், ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடக்கச் சொல்வதும் மருந்துக்குச் சமம்.